மஞ்சள் காய்ச்சலும் நம் கிராமங்களும்

(ஒரகடம் வட்டாரத்துக் கிராம மக்கள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



நீண்ட பிரசங்கம் செய்து உங்கள் பொறுமையைச் சோதிப்பது நமது நோக்கமன்று. உங்கள் பிள்ளைகளின் உயிரோடும் இவ்வூரின் நலத்தோடும் தொடர்புடைய ஒரே ஒரு செய்தியை உங்கள் முன் வைத்துச் செல்லவே வந்துள்ளோம்.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் இராமாநுசர் அவதரித்த திருத்தலம் என்பதே ஒருகாலத்தில் நாட்டார் நினைவுக்கு வந்தது. ஒரகடம் என்றால் ஏரியும் அதன் கீழ்ப் பாயும் நெல் வயல்களுமே. இன்று அந்நிலை மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு மோட்டார் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் கார்த் தொழிற்சாலையும், 2012-இல் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. இங்கு உருவாகும் வண்டிகள் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் செல்கின்றன. வண்டி சென்ற வழியே மனிதரும் செல்கின்றனர். எந்திரம் பூட்டவும், பழுது பார்க்கவும், தொழில் கற்றுக்கொடுக்கவும் நம் பிள்ளைகள் கடல் கடந்து போகும் காலம் இது. போகட்டும், பொருளீட்டி வரட்டும். ஆனால், போகுமுன் செய்துகொள்ள வேண்டிய காரியம் ஒன்றுண்டு. மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசியைப் போட்டுக்கொள்வதே அது.

ஓர் இளைஞரின் அனுபவம்

நாம் அறிந்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவோம். இவ்வட்டாரத்து இளைஞர் ஒருவர் லாரி பழுதுபார்க்கும் வேலையில் கைதேர்ந்தவர். அவருக்கு மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டில் வேலை கிடைத்தது. தந்தையார் வீட்டு நகையை அடகு வைத்து விமானச் செலவுக்குப் பணம் தேடினார். பெட்டி கட்டியாயிற்று, உறவினரிடம் சொல்லியாயிற்று. புறப்படுவதற்கு நான்கு நாட்கள் இருக்கையில், முன்பு அந்நாட்டுக்குச் சென்று வந்த ஒருவர், "தம்பி, மஞ்சள் அட்டை வாங்கிவிட்டாயா?" என்று கேட்டார். இளைஞருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாளே கிண்டிக்கு ஓடினார், ஊசியும் போட்டுக்கொண்டார். ஆனால் அட்டையை வாங்கிப் பார்த்தபோதுதான், ஊசி போட்ட நாளிலிருந்து பத்து நாள் கழித்தே அந்த அத்தாட்சி செல்லுபடியாகும் என்பது தெரிய வந்தது. கானாவோ, வருவோர் அனைவரிடமும் இந்த அத்தாட்சியைக் கேட்கும் நாடு. பயணச் சீட்டின் பணம் வீணாயிற்று. வேலை கொடுத்தவர் நல்ல மனம் படைத்தவராதலால் பதினைந்து நாள் பொறுத்தார், வேலையாவது தப்பியது.

இதில் அந்த இளைஞரின் குற்றம் யாது? அவருக்கு எடுத்துச் சொல்வார் எவரும் இல்லை என்பதே குற்றம். அக்குறையைத் தீர்க்கவே இன்று இங்கு நிற்கின்றோம்.

காமாலை வேறு, மஞ்சள் காய்ச்சல் வேறு

மஞ்சள் காய்ச்சல் என்றவுடன், "அது நமக்குத் தெரிந்த காமாலைதானே? கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்தால் தீர்ந்துவிடுமே!" என்று எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணம் தவறானது. காமாலை என்பது கண்ணும் உடலும் மஞ்சளாகும் ஓர் அறிகுறி. அது பல காரணங்களால் வரலாம். மஞ்சள் காய்ச்சல் என்பது ஒருவகை வைரஸ் கிருமியால் உண்டாகி, கொசுவால் பரவும் தனி நோய். காமாலைக்கென ஏற்கெனவே போட்டுக்கொண்ட ஊசி இந்நோயைத் தடுக்காது.

நோய்க்கிருமியைச் சுமந்த கொசு கடித்த மூன்று முதல் ஆறு நாட்களுக்குள் காய்ச்சல், தலைவலி, முதுகுவலி, வாந்தி ஆகியவை தோன்றும். பெரும்பாலோர் சில நாட்களில் குணமடைகின்றனர். சிலருக்கோ, காய்ச்சல் விட்டது என்று மகிழும் வேளையில் நோய் மீண்டும் மூண்டெழுகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் கெடுகின்றன, கண் மஞ்சளாகிறது, வாயிலும் மூக்கிலும் வயிற்றிலும் இரத்தம் கசிகிறது. இந்நிலையை அடைந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் மாண்டுபோகின்றனர். இக்கிருமியை ஒழிக்கும் தனி மருந்து இன்றுவரை இல்லை. வந்தபின் தீர்க்க மருந்தில்லை. வருமுன் காக்க ஊசி உண்டு. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும்.

ஆப்பிரிக்காவிலும் மத்திய, தென் அமெரிக்காவிலுமாக நாற்பதுக்குக் குறையாத நாடுகளில் இந்நோய் நிலைகொண்டுள்ளது. நைஜீரியா, கானா, உகாண்டா, காங்கோ, அங்கோலா, எத்தியோப்பியா, கென்யா, பிரேசில் முதலிய நாடுகள் அவற்றுள் அடங்கும்.

இந்த ஊசி பிறந்த கதை

இந்த ஊசி எளிதில் கிடைத்துவிட்டதன்று. கியூபா நாட்டு வைத்தியர் கார்லோஸ் பின்லே, இந்நோயைப் பரப்புவது கொசுவே என்று 1881-ஆம் ஆண்டிலேயே கூறினார். உலகம் அதை ஏற்கவில்லை. 1900-இல் அமெரிக்க இராணுவ வைத்தியர் வால்ட்டர் ரீட் தலைமையில் ஹவானா நகருக்குச் சென்ற குழுவினர் சோதனைகள் நடத்தி அக்கூற்றை மெய்ப்பித்தனர். அக்குழுவிலிருந்த ஜெஸ்ஸி லாஸியர் என்னும் வைத்தியர் அதே ஆண்டில் அந்நோய்க்கே பலியானார். பானமாவில் கால்வாய் வெட்டச் சென்ற தொழிலாளர்கள் மஞ்சள் காய்ச்சலுக்கும் மலேரியாவுக்கும் ஆயிரக்கணக்கில் இரையானதையும், கொசுவை ஒழித்த பின்னரே அப்பணி நிறைவேறியதையும் சரித்திரம் கூறுகிறது. பிழைப்புத் தேடி அயல்நாடு சென்ற உழைப்பாளிகளே அன்றும் மாண்டனர் என்பதை இங்கே கூடியுள்ள நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1927-ஆம் ஆண்டு, இன்று கானா எனப்படும் நாட்டில், அசிபி என்னும் ஆப்பிரிக்கர் ஒருவர் மஞ்சள் காய்ச்சலால் நோயுற்றார். ஆராய்ச்சியாளர் அவரது இரத்தத்திலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தனர். அசிபி பிழைத்துக்கொண்டார். ஆனால் அவ்வாராய்ச்சியில் ஈடுபட்ட ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அதே ஆண்டிலும், ஜப்பானிய அறிஞர் ஹிடேயோ நொகுச்சி 1928-இலும் அந்நோயால் உயிர் துறந்தனர். பின்னர், தென் ஆப்பிரிக்காவில் பிறந்த மாக்ஸ் டைலர் என்பாரும் அவருடைய தோழர்களும் அசிபியின் இரத்தத்திலிருந்து பெற்ற அக்கிருமியையே ஆய்வுக்கூடத்தில் மீண்டும் மீண்டும் வளர்த்து, அதன் கொடுமையைப் போக்கி, 1937-இல் 17டி என்னும் தடுப்பூசியை உருவாக்கினர். அதற்காக டைலருக்கு 1951-இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. இன்றும் உலகெங்கும் போடப்படுவது அந்த 17டி வழிவந்த ஊசியேயாகும். இத்தனை பேர் உயிரைக் கொடுத்துத் தேடித் தந்த பாதுகாப்பை, ஒருநாள் கூலி போய்விடுமே என்றெண்ணி நாம் தள்ளிவிடலாமா?

போகின்றவருக்கு மட்டுமா இந்த ஊசி?

"ஊசி போடாவிட்டால் போகின்றவனுக்குத்தானே ஆபத்து? ஊரிலுள்ள எங்களுக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். இக்கேள்விக்கு விடை கூறுவதே இச்சொற்பொழிவின் முக்கிய நோக்கம்.

மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் இதுவரை வேரூன்றியதில்லை. ஆனால் அதை நகரங்களில் பரப்பும் கொசு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதன் பெயர் ஏடிஸ் எஜிப்டி. ஆம், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் அதே கொசுதான்! உடலிலும் கால்களிலும் வெள்ளை வரிகள் உடையது, பகலில் கடிப்பது, சாக்கடையைவிட நல்ல நீரையே நாடி முட்டையிடுவது. நம் வட்டாரத்தில் தொழிலாளர் தங்கும் விடுதிகளில் லாரித் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் மூடாத பிளாஸ்டிக் பீப்பாய்கள் எத்தனை! சாலையோரப் பட்டறைகளில் மழைநீர் தேங்கிக் கிடக்கும் பழைய டயர்கள் எத்தனை! கொசுவுக்கு வேண்டிய வீடு வாசலெல்லாம் நாமே கட்டி வைத்திருக்கிறோம். கொசு இருக்கிறது, கிருமி மட்டும் இல்லை. அக்கிருமியை இரத்தத்தில் சுமந்து ஒருவர் வந்து சேர்ந்தால் என்னாகும்? அவரைக் கடித்த கொசு, சில நாட்களுக்குப்பின் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். வைக்கோற்போரின் அருகே நெருப்பைக் கொண்டுவருவது போன்றதே இது.

இது வெறும் கற்பனையன்று. 2015-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கோலா நாட்டின் தலைநகரான லுவாண்டாவில் இந்நோய் கிளம்பியது. மறு ஆண்டு முழுவதும் பரவியது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. அங்கு வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் 2016-ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் தாயகம் திரும்பினர். அவர்களுள் 11 பேருக்கு மஞ்சள் காய்ச்சல் இருப்பது உறுதியாயிற்று. ஆசியக் கண்டத்திற்குள் இந்நோய் வந்து சேர்ந்தது உறுதிசெய்யப்பட்டது அதுவே முதன்முறை. நல்லவேளையாக அங்கு வேறெவருக்கும் அது பரவவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் காங்கோ நாட்டின் கின்ஷாசா நகரில் இலட்சக்கணக்கானோருக்கு ஊசி போட வேண்டி வந்தபோது, மருந்து போதாமையால், வழக்கமான அளவில் ஐந்தில் ஒரு பங்கையே ஆளுக்குப் போட நேர்ந்தது. நோய் பரவிய பின் மருந்து தேடுவது எத்துணைக் கடினம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இக்காரணத்தாலேயே நம் அரசாங்கம் இவ்விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறது. விமானப் பயணிகளுக்கு 1954-லும், கப்பற் பயணிகளுக்கு 1955-லும் சுகாதார விதிகள் இயற்றப்பட்டன. நோயுள்ள நாட்டிலிருந்து ஆறு நாட்களுக்குள் இந்தியா வந்திறங்குவோர் செல்லத்தக்க அத்தாட்சி இன்றி வந்தால், அந்த ஆறு நாட்கள் முடியும்வரை தனியே வைக்கப்படுவர். நாம் செல்லும் நாடு அட்டையைக் கேட்காமலிருக்கலாம். திரும்பி வருகையில் நம் நாடு கேட்கும். வழியில் அத்தகைய நாடொன்றில் தங்கி வருவோருக்கும் இது பொருந்தும். எனவே, பயணச் சீட்டு வாங்கும்போதே வழியையும் விசாரித்து அறிய வேண்டும்.

செய்ய வேண்டுவன

எங்குச் சென்று இந்த ஊசியைப் போட்டுக்கொள்வது? ஊரிலுள்ள எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இது போடப்படுவதில்லை. அரசாங்கத்தால் அங்கீகரிக்கப்பட்ட நிலையங்களில் மட்டுமே போடப்பட்டு, அத்தாட்சி வழங்கப்படும். நமக்கு அருகிலுள்ளவற்றுள் கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையமும், சென்னை இராஜாஜி சாலையிலுள்ள துறைமுகச் சுகாதார அலுவலகமும் குறிப்பிடத்தக்கவை. கிங் நிலையம் 1899-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. பெரியம்மைக்கான பால் தயாரித்துச் சென்னை மாகாணத்துக் கிராமங்களுக்கெல்லாம் அனுப்பிய இடம் அது. இங்கு அமர்ந்துள்ள முதியோர் பலரின் கையில் அம்மை குத்திய தழும்பு இன்றும் இருக்கும். அன்று அம்மை குத்த வந்தவரைக் கண்டு கதவைச் சாத்திக்கொண்டவர்களும் உண்டு. ஆயினும் அந்த ஊசியால்தான் 1975-உடன் பெரியம்மை இந்நாட்டை விட்டே ஓடியது. 1980-இல் உலகினின்றும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தழும்பே நமக்குச் சாட்சி.

வெளிநாட்டு வேலை உறுதியானவுடன் செய்ய வேண்டிய முதற்காரியம், ஊசி போடும் நாளையும் கட்டணத்தையும் அந்நிலையத்தில் விசாரித்துப் பெயரைப் பதிந்துகொள்வதாகும். ஒரு குப்பி மருந்தைக் கரைத்தால் சில மணி நேரத்துக்குள் பலருக்கும் போட்டுத் தீர்த்துவிட வேண்டும். ஆதலால், நினைத்த நேரத்தில் சென்று நின்றால் மருந்து கிடைக்காமற் போகலாம். பாஸ்போர்ட்டைத் தவறாது எடுத்துச் செல்லுதல் வேண்டும். அதன் எண்ணும் பெயரும் அட்டையில் பிழையின்றி எழுதப்பட்டிருக்கின்றனவா, வைத்தியரின் கையொப்பமும் நிலையத்தின் முத்திரையும் உள்ளனவா என்று அங்கேயே சரிபார்த்தல் வேண்டும். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே அமர்ந்திருந்து வருவது நன்று. சிலருக்கு இலேசான காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் வரலாம். அவை சில நாட்களில் நீங்கும்.

பத்து நாள் என்பது ஏன்? உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ள அவ்வளவு காலம் வேண்டும். விதை ஊன்றிய அன்றே கதிர் அறுக்க முடியாதல்லவா? பத்து நாட்களில் பெரும்பாலோருக்கும், முப்பது நாட்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் பாதுகாப்பு ஏற்பட்டுவிடுகிறது. ஆகவே, புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னரே ஊசி போட்டுக்கொள்வது உத்தமம். முன்பு பத்தாண்டுக்கொரு முறை மீண்டும் போட வேண்டியிருந்தது. 2016-ஆம் ஆண்டு ஜூலை 11 முதல் ஒருமுறை போட்ட ஊசியின் அத்தாட்சி ஆயுள் முழுவதும் செல்லும் என்று உலக நாடுகள் ஏற்றுக்கொண்டுள்ளன. பழைய அட்டைக்கும் இது பொருந்தும். ஆதலின் அட்டையை நிலப் பத்திரம் போல் பத்திரமாக வைத்திருங்கள்.

எல்லோரும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாகாது என்பதையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். இம்மருந்து கோழி முட்டைக் கருவில் வளர்க்கப்படுவது; ஆகையால் முட்டை உண்டால் கடும் ஒவ்வாமை வருவோர் அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதில் உயிருள்ள, வலிமை குன்றிய கிருமி இருப்பதால், நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் ஒன்பது மாதம் நிறையாத குழந்தைகளுக்கும் போடுவதில்லை. கருவுற்ற தாய்மாரும், பாலூட்டும் தாய்மாரும், அறுபது வயது கடந்தோரும் வைத்தியரின் ஆலோசனை பெற்றே முடிவு செய்தல் வேண்டும். போடக்கூடாதவர் என்று வைத்தியர் கருதினால், அதற்கான விலக்குக் கடிதம் பெறவும் வழியுண்டு.

பொய் அட்டை வேண்டாம்

முன்னே சொன்ன இளைஞரின் கதையில் ஒரு பகுதியைச் சொல்லாமல் விட்டோம். பயணம் தடைப்பட்டு அவர் கலங்கி நின்றபோது, தரகர் ஒருவர் வந்து, "பணம் கொடு, முன் தேதியிட்ட அட்டை நாளையே வாங்கித் தருகிறேன்" என்றாராம். இளைஞர் தயங்கினார். நகையை அடகு வைத்த தந்தையாரோ, "பணம் போனால் போகட்டும், பொய்ச் சீட்டோடு என் பிள்ளை போக வேண்டாம்" என்று கூறிவிட்டார். எழுத்தறியாத அந்த உழவரின் அறிவை என்னென்று புகழ்வது! பொய் அட்டை பிடிபட்டால் பயணம் கெடும்; வழக்கும் வரும். பிடிபடாவிட்டாலோ, அதைவிடப் பெரிய கேடு காத்திருக்கிறது. அதிகாரியை ஏமாற்றலாம், கொசுவை ஏமாற்ற முடியுமா? அட்டையைப் படித்துப் பார்த்துவிட்டா கொசு கடிக்கிறது?

ஊர் செய்ய வேண்டியது

அன்பர்களே! இனி ஊராட்சியின் கடமை ஒன்றிரண்டைக் கூறி முடிப்போம். வெளிநாட்டு வேலைக்குச் செல்வோர் விவரத்தை ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். யார் எந்நாடு செல்கிறார் என்பது கிராமச் சுகாதாரச் செவிலியருக்குத் தெரிந்திருந்தால், உரிய காலத்தில் அவர் நினைவூட்டுவார். மகளிர் சுய உதவிக் குழுக்கள் பயணச் செலவுக்குக் கடன் கொடுக்கும்போதே, "ஊசி போட்டாயிற்றா?" என்ற கேள்வியையும் கேட்கலாம். அந்நாடுகளிலிருந்து திரும்பியவருக்கு ஒரு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு இருந்துவிடக் கூடாது. உடனே ஆரம்ப சுகாதார நிலையம் சென்று, இன்ன நாட்டிலிருந்து இன்ன நாளில் வந்தேன் என்று வைத்தியரிடம் சொல்ல வேண்டும். காய்ச்சல் தொடங்கிய ஐந்து நாட்களுக்கேனும் பகலிலும் கொசுவலைக்குள் இருத்தல் வேண்டும்.

அத்துடன், வாரத்தில் ஒருநாள் பீப்பாய்களையும் தொட்டிகளையும் காலிசெய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, உலரவைத்து, மூடி போட்டு வையுங்கள். தேய்த்துக் கழுவினாலன்றி, சுவரில் ஒட்டிய கொசு முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாட்களே போதும். அதனால்தான் வாரம் ஒருமுறை என்கிறோம். டயர்களைக் கூரைக்கடியில் அடுக்குங்கள். இதனால் இன்று டெங்கு குறையும்; நாளை மஞ்சள் காய்ச்சல் வந்தாலும் அதற்கு இடமிராது.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது ஏரிப் பாசனம் செய்து வாழ்ந்த நம் முன்னோர் அறிந்த உண்மை. கரை உடைந்தபின் மண்வெட்டி எடுத்துப் பயனில்லை. கடல் கடந்து செல்லும் ஒவ்வொரு பிள்ளையும் இவ்வூரின் கரையில் ஒரு பகுதி. அப்பகுதி உறுதியாயிருந்தால் ஊர் முழுதும் காக்கப்படும். நம் இளைஞர்கள் உடல்நலத்தோடு சென்று, உடல்நலத்தோடு திரும்பி, அடகு வைத்த நகைகளை மீட்டுத் தாய்மாரின் கழுத்தில் பூட்டி மகிழட்டும் என்று வாழ்த்துகின்றோம்.